ஞாயிற்றுக்கிழமை யார் பார்த்துக்கொள்வது?

(மரக்காணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். மண்டபத்தின் பக்கத்து அறையைத் திறந்து வைக்க வேண்டும். அங்கே ஜமுக்காளம் விரித்து, இரண்டு பெண்கள் உட்கார்ந்து, வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தரவிருந்த மதிப்பூதியத்தில் அந்தச் செலவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அறக்கட்டளைச் செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சால்வை வேணாம், மாலை வேணாம்னு சொல்றவங்களப் பார்த்திருக்கேன் மேடம், இது புதுசா இருக்கு" என்றார். செய்தும் கொடுத்துவிட்டார். கணக்கைக் கடைசியில் படிக்கிறேன்.

பகுதிநேரமாகவும் தொலைநிலையிலும் பட்டம் படிக்கிற பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதிலும் கணவன் துணையில்லாமல் பிள்ளை வளர்த்துக்கொண்டே படிக்கிறவர்களைப் பற்றி. பத்திரிகைகள் இவர்களை 'ஒற்றைப் பெற்றோர்' என்கின்றன. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊர் சொல்கிற சொற்களை இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

அரசு அலுவலகத்துக்கு என்று தனிச் சொல் ஒன்று உண்டு, 'ஆதரவற்ற விதவை'. அந்தச் சான்றிதழ் இருந்தால் சில சலுகைகள் கிடைக்கும். கணவர் இறந்திருந்தால் வாங்கலாம். வேலைக்குப் போகிறேன் என்று சென்னைக்குப் பஸ் ஏறிய ஆள் மூன்று வருஷமாகத் திரும்பவில்லை என்றால் அந்தப் பெண் விதவையும் இல்லை, விவாகரத்தானவளும் இல்லை. இந்தச் சான்றிதழ் அவளுக்குக் கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் 'கணவர் பெயர்' என்ற இடத்தில் அந்த ஆளின் பெயரை மட்டும் தவறாமல் எழுத வேண்டும்.

அப்படி ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவள்.

நான் அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்தினேன். ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கற்றல் மையத்துக்கும் போனேன். தொலைநிலையில் படிக்கிறவர்களுக்குப் பாடம் தபாலில் வரும், இப்போது கைப்பேசியிலும் வருகிறது. சந்தேகம் கேட்க ஞாயிறுகளில் வகுப்பு. பத்து மணி முதல் நாலு மணி வரை. இவள் முதல் மணி நேரத்துக்கு வந்ததே இல்லை. பதினொன்றுக்கு வருவாள். தலைமுடி ஈரமாக இருக்கும், குதிகால் வெடிப்பில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும், இடுப்பில் நாலு வயதுப் பையன்.

அளத்து வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே பாத்தியில் இறங்குவார்கள். ஆண்கள் உப்பை வாரிக் கூட்ட, பெண்கள் தலையில் சும்மாடு வைத்து வரப்பு வழியே சுமந்துபோய் மேட்டில் குவிப்பார்கள். வரப்பு வழுக்கும். சூரியன் மேலே வந்துவிட்டால் வெள்ளை வெளேரென்ற பாத்தி கண்ணைக் குத்தும். ஒன்பது, பத்து மணிக்கு வீடு திரும்பிச் சோறாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவளுக்கு ஞாயிற்றுக்கிழமையின் அடுத்த வேலை பி.ஏ. வகுப்பு.

ஒருநாள் நெய்தல் திணை நடத்தினேன். கடலும் கடல் சார்ந்த இடமும், பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல் என்று முப்பது வருஷமாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டு போனேன். கழிநீரை வயலில் பாய்ச்சி உப்பு விளைவிப்பதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன என்று சொன்னபோது கையைத் தூக்கினாள். "பாய்ச்சினா உடனே விளையாது மேடம். தண்ணி இருபத்தஞ்சு வரணும்." எனக்குப் புரியவில்லை. எழுந்து வந்து கரும்பலகையில் படம் போட்டாள். முதலில் தேக்கம், அதிலிருந்து அடுத்த பாத்தி, அதிலிருந்து அடுத்தது. கடல்நீரின் அடர்த்தி பாமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலில் காய்ந்து காய்ந்து இருபத்தைந்தைத் தொடும்போதுதான் உப்பு உட்காரும். அன்று வகுப்பில் கற்றுக்கொண்டது நான்.

சிறுபாணாற்றுப்படையைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடிய நூல். அதில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாடியவர் நத்தத்தனார், அவருடைய இடைக்கழிநாடு இங்கிருந்து வடக்கே கூப்பிடு தூரம். அந்த நூலில் பாண்டிநாட்டுக் கடற்கரையைச் சொல்லும் இடத்தில் ஒரு காட்சி உண்டு. உப்பு வண்டிகளோடு வந்த ஒரு குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உப்பு விற்கும் பெண்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடிக்கொண்டிருக்கும். சொல்லிவிட்டு எல்லாரும் ரசிப்பார்கள் என்று பார்த்தேன். இவள் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பையனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"குரங்காவது இருந்திச்சு மேடம் அவங்களுக்கு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில்தான் அது உறைத்தது. புலவர் அந்தக் காட்சியைப் போகிற போக்கில் வைத்திருக்கிறார். தாய் வேலையில் இருக்கிறாள், பிள்ளையோடு விளையாட ஒரு ஜீவன் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷம் கழித்து நாம் அந்தப் பெண்ணுக்குப் பட்டப்படிப்பைத் தருகிறோம், குரங்கை எடுத்துவிட்டோம்.

நான் ஒன்றும் நல்லவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இவளுக்கு இரண்டு ஆண்டு முன்பு இன்னொரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை அழுதது. "வராந்தாவுல வச்சுக்கிட்டு கேளும்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்றேன். சன்னலுக்கு வெளியே நின்றபடியே குறிப்பெடுத்தாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே போனவள் நான்தான்.

இந்த நாட்டில் பட்டம் படித்த தாய் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அய்யலசோமயாஜுல லலிதா. 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், கையில் நாலு மாதப் பெண் குழந்தையோடு, கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அந்த வீடுகளில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று உங்கள் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் மகளைப் படிக்க வைத்தார். ராணிமேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார் லலிதா. பிறகு மருத்துவம் படிக்கலாமா என்ற யோசனை வந்தது. அதை அவர் விட்டதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். டாக்டரை நடுராத்திரியில் கூப்பிடுவார்கள், பிள்ளையை விட்டுவிட்டு எழுந்து ஓட முடியாது. காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலைதான் வேண்டும். அதனால் பொறியியல்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் அந்தத் துறைக்குள் வந்த காரணம் இயந்திரத்தின் மீது இருந்த ஆசை மட்டும் அல்ல. குழந்தையின் தூக்க நேரமும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளையை நடுவில் வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தக் கணக்கைப் பொறியியல் மூளை என்றுதான் நான் சொல்வேன்.

1794-லிருந்து நடந்துவரும் கல்லூரி அது; பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. அப்பா முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநர் வரைக்கும் போய் அனுமதி வாங்கினார். விடுதியில் ஒரே பெண்ணாக லலிதா தங்கினார். தனியாக இருக்கிறாளே என்று இன்னும் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். 1943-இல் லலிதா மின்பொறியியல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்லைத்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள்; அதை அடித்துவிட்டுப் பெண்பால் எழுதிக் கொடுத்தார்களாம்.

சரி, நான் கேட்க வருகிற கேள்வி வேறு. அந்த ஆண்டுகளில் குழந்தை எங்கே இருந்தது? லலிதாவின் அண்ணன் வீட்டில். வாரநாளெல்லாம் விடுதி, வார இறுதியில் மகளைப் பார்க்க வருவார். பிறகு ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் வேலை. சிம்லாவில் சகோதரர் வீட்டில் தங்கினார். அப்புறம் கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார், அங்கே இன்னொரு சகோதரர் குடும்பம் இருந்தது. பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் கம்பித்தடங்களின் வடிவமைப்பில் அவர் வேலை செய்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். அறுபது வயதில், 1979-இல் காலமானார். அந்த வாழ்க்கையை ஒரு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வேலை எங்கே கிடைத்தது என்பதோடு, பிள்ளையைப் பார்க்க ஆள் எங்கே இருந்தது என்பதும் அதில் வழி காட்டியிருப்பது தெரியும். லலிதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்பாவின் துணிச்சலைப் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். சோறு ஊட்டித் தூங்க வைத்த அண்ணிமார்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

சகோதரி சுப்பலட்சுமியும் அப்படித்தான். குழந்தை மணம், உடனே கைம்மை, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம், மறுவருஷமே இளம் கைம்பெண்களுக்கு ஒரு இல்லம். அந்த இல்லத்தின் அடுப்படியையும் பிள்ளைகளையும் கட்டி மேய்த்தவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் கைம்பெண். சுப்பலட்சுமியின் பெயர் நிலைத்திருக்கிறது. சித்தியை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்?

என் கதையையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட்டால் நியாயமாக இருக்கும். மகளுக்கு இரண்டு வயதில் என் கணவர் போய்விட்டார். நான் தபால் வழியில் எம்.ஏ. படித்தேன். பரீட்சை மையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை நடுவில் குழந்தை நாற்பது நிமிஷம் வீறிட்டு அழுதது. எனக்குக் கேட்டது. எழுந்து போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்றார் கண்காணிப்பாளர். விதி அப்படி. உட்கார்ந்தே எழுதினேன். தொல்காப்பியம் தாள். பாஸ் ஆகிவிட்டேன், ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பட்டம் வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன நாளு அந்த மரத்தடியில உக்காந்திருப்பேன், எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடு" என்றாள். சின்னாளப்பட்டி எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு அம்மா இருந்தாள். லலிதாவுக்கு அண்ணி இருந்தார். அளத்துப் பெண்ணுக்கு அம்மா இருந்தாலும் அவளும் விடியற்காலை மூன்று மணிக்கு அதே பாத்தியில்தான் நிற்கிறாள்.

தொலைநிலைக் கல்வி எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரையில் 1971-இல் வந்தது. அதே 1971-இல் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 25 ஆயிரம் மாணவர்களோடு முதல் வகுப்பைத் தொடங்கியது, பி.பி.சி.யில் அதிகாலையிலும் பின்னிரவிலும் பாடம் ஒளிபரப்பினார்கள். 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த எண்ணம் ஒன்றுதான்: கல்லூரிக்கு வர முடியாதவர் வீட்டுக்குக் கல்லூரி போகட்டும். பெரிய எண்ணம். நான் அந்த எண்ணத்தின் பிள்ளை. இக்னோவில் மூன்று வருஷ பி.ஏ.வை ஆறு வருஷம் வரை இழுத்துப் படிக்கலாம். அந்தத் தாராளத்தை எந்த ரெகுலர் கல்லூரியும் தராது.

ஆனால் இந்த ஏற்பாட்டைத் திட்டமிட்டவர்கள் மனத்தில் ஒரு மாணவர் இருந்தார். வாரம் முழுக்க ஆபீஸ் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பவர். ஆகவே வகுப்பை ஞாயிறில் வைத்தார்கள். அந்த மாணவர் ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பும்போது, அவர் பிள்ளைகளை வீட்டில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அந்த யாரோவுக்கே படிக்க வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வது? அங்கன்வாடி ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பள்ளிக்கூடம் கிடையாது. காலை உணவு கிடையாது, சத்துணவு கிடையாது. வாரத்தில் ஆறு நாளும் அரசு கொஞ்ச நேரமாவது பார்த்துக்கொள்கிற பிள்ளை, ஏழாம் நாள் முழுசாகத் தாயின் கையில் வந்து சேர்கிறது. நாம் அந்த ஏழாம் நாளைப் பார்த்து வகுப்பு வைத்திருக்கிறோம். லலிதா மகளைப் பார்த்த நாளும் அதுதான்.

பரீட்சையும் அப்படித்தான். இக்னோவுக்குப் பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் என்றால் மரக்காணத்தில் உப்பு வாருகிற காலம். ஜனவரியில் பாத்தியைச் சீர்படுத்தி, மிதித்து, நீர் ஏற்றி, வெயில் முற்றிய பிறகு விளைகிற உப்பு அது. அந்தக் கூலியை விட்டுவிட்டு ஐந்து தாள் எழுதப் போவது என்றால் ஐந்து நாள் சம்பளம் போகும், பஸ் காசு தனி. டிசம்பர் என்றால் வேலை இல்லாத காலம். மழை மாதங்களுக்கு அரசு தருகிற ஐயாயிரம் ரூபாயையும் கடனையும் வைத்துக் குடும்பம் ஓடும். நேரம் இருக்கும், காசு இருக்காது. புயலும் அப்போதுதான் வரும். 2011-இல் தானே வந்தது டிசம்பர் 30. ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. அந்த வாரம் அளத்துப் பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. "மேடம், புத்தகமெல்லாம் ஊறிப்போச்சு. கொடியில காயப்போட்டிருக்கேன். மூணாவது யூனிட்டு மட்டும் ஒட்டிக்கிச்சு, பிரிக்க வரல. அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க." போனிலேயே மூணாவது யூனிட்டை நடத்தினேன். பின்னால் பையன் பாத்திரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் தேர்வைத் தள்ளி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, நம் அளத்துக்காக அதை மாற்றமாட்டார்கள். டிசம்பரில் எழுதுங்கள் என்றுதான் இந்தப் பெண்களுக்குச் சொல்லிவந்தேன். ஆறு வருஷம் இருக்கிறது, ஜூனை விட்டுவிடுங்கள், உப்பைப் பாருங்கள். சில சக ஆசிரியர்களுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. மாணவர்களைச் சோம்பேறியாக்குகிறேன் என்றார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கும் சோம்பேறி!

சட்டம் என்ன சொல்லிவந்தது? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது 1948-இன் தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். தலையை எண்ணிய இந்தச் சட்டங்கள் சின்னச் சின்னக் குத்தகையாகப் பிரிந்து கிடக்கும் பாத்தி வரை வந்து சேர்ந்ததில்லை. மாணவியை அவை எண்ணியதே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு பிஎச்.டி. ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு தருகிறது, கூடுதல் ஆண்டுகளும் தருகிறது. நல்லது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று 2021 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு எம்.எட். மாணவியின் வழக்கில், படிப்பா தாய்மையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. படியில் மேலே ஏற ஏறத்தான் நிழல் கிடைக்கிறது. அடிப்படியில், பி.ஏ. முதலாண்டில், தொலைநிலையில் நிற்கிறவளுக்குச் சட்டத்தின் வெயில்தான்.

நம் மாநிலத் திட்டங்களையும் பார்த்துவிடுவோம். இங்கே அரசு நண்பர்கள் இருக்கிறார்கள், கோபிக்க மாட்டார்கள். புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். எத்தனையோ குடும்பங்களில் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்த ஆயிரம் ரூபாய் அது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொலைநிலையில், திறந்தநிலையில் படிக்கிறவர்களுக்குக் கிடையாது. பதினெட்டு வயதில் நேரே கல்லூரிக்குப் போனவளுக்கு உண்டு. பதினெட்டில் கல்யாணம், இருபதில் பிள்ளை, இருபத்து மூன்றில் தனியாகி, இருபத்தைந்தில் தானாகவே படிக்க வந்தவளுக்கு இல்லை. விடியல் பயணத்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற வண்டிகளுக்கு முழு டிக்கெட், பையனுக்கு அரை டிக்கெட் தகராறு.

2023 மே மாதம் இங்கே பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் நடந்ததை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயம். விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. ஒரே வாரத்தில் எத்தனை பெண்கள் தனித் தாயானார்கள் என்று யாரும் தலைப்புப் போட்டு எழுதவில்லை. அவர்களில் யாராவது படிக்க நினைத்தால், பத்து லட்சம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளுமா?

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். கற்றல் மையம் நடக்கிற ஒவ்வொரு கல்லூரியிலும் ஞாயிற்றுக்கிழமை இருபது வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒன்றைத் திறங்கள். ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஆயாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பிள்ளை பார்ப்பதில் நம் எல்லாரையும்விட அனுபவசாலிகள். இருவருக்கு அன்றைய கூலி கொடுங்கள். பரீட்சை நாட்களில் கட்டாயம். கண்காணிப்பாளருக்கு மேசை, மின்விசிறி, தேநீர் எல்லாம் தேர்வுச் செலவில் வருகிறதே, அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். பெரிய திட்டமாக்கி, பெயர் வைத்து, சுவரொட்டி ஒட்டித்தான் தொடங்க வேண்டும் என்றால் நடக்காது. என் அனுபவத்தில் பெயர் வைக்காத காரியங்கள்தான் சீக்கிரம் நடக்கின்றன.

இணையவழி வகுப்பு வந்துவிட்டதே, வீட்டிலிருந்தே கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஒரு கைப்பேசி, ஒரு அறை வீடு, நாலு வயதுப் பையன். கைப்பேசி யார் கையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் போக, ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் அந்த ஐந்து மணி நேரம் அவள் அளத்துக்கும் அடுப்புக்கும் வெளியே, பெஞ்சில், இன்னொரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம். இரண்டு பேரும் பாடத்தைவிட அதிகமாக ரேஷன் கடையைப் பற்றித்தான் பேசினார்கள். பேசட்டும். ரெகுலர் கல்லூரியில் கேன்டீன் என்று அதற்குத் தனியாக இடம் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அந்த அளத்துப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஐந்தாம் வருஷம் பட்டம் வாங்கினாள். ஜூன் தேர்வு ஒன்றுகூட எழுதவில்லை. அளத்தை விடவில்லை, இப்போது சுமப்பது குறைவு, குவியலில் எடை பார்த்துக் கணக்கு எழுதுகிற வேலையும் சேர்ந்திருக்கிறது. ஆசிரியராக வேண்டும் என்று பி.எட். கேட்டுப் பார்த்தாள். அதில் வகுப்புக்கு வருகை கட்டாயம், பள்ளியில் கற்பித்தல் பயிற்சி வேறு. பையன் மூன்றாம் வகுப்பு போகட்டும், பார்க்கலாம் என்கிறாள். இன்று வந்திருக்கிறாள், எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று காட்டமாட்டேன்.

கணக்கு சொல்கிறேன் என்றேன். பக்கத்து அறையில் இன்று காலை பத்தொன்பது பிள்ளைகள். பார்த்துக்கொண்ட இருவருக்குக் கூலி, ஆளுக்கு 600 வீதம், 1,200 ரூபாய். பால் மூன்று லிட்டர் 160. பிஸ்கட்டும் வாழைப்பழமும் 215. ஜமுக்காளம் இரண்டு, வாடகை 100. சாக்பீஸ் ஒரு பெட்டி 45. மொத்தம் 1,720 ரூபாய். ஒரு பையன் சுவரில் கப்பல் வரைந்திருக்கிறானாம். மண்டபத்துக்காரர் வெள்ளையடிக்கத் தனியாகக் கேட்டால் அதையும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த அறை கிடைக்குமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஒன்று இருக்கிறதாம், அதற்கு அடுத்த ஞாயிறு காலியாம்.